சிவப்பு மை படாத நோட்டு

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலுக்குப் போய் வந்தவர். காற்றுகளின் பெயர்களையும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையோரம் ஒதுங்கும் என்பதையும், நட்சத்திரம் பார்த்துக் கரை திரும்பிய கதைகளையும் அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லக் கேட்டால் நேரம் போவதே தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையில் தோழி அவற்றையெல்லாம் தன் தாயாரின் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாள். மூன்று நாட்கள், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். தாத்தாவின் இருமலும், இடையிடையே “காப்பி ஆறுது” என்று பாட்டி கூப்பிடும் குரலும் அதில் அடங்கியிருந்தன.

சில மாதங்களில் அந்தக் கைப்பேசி ‘இடம் போதவில்லை’ என்று அடம் பிடிக்கத் தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் பொதுவான கருவி அது. ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கப் படங்கள், உறவினர் வீட்டுத் திருமணக் காட்சிகள், எங்கள் வீட்டுப்பாடப் படங்கள், எவரோ எவருக்கோ அனுப்பிச் சுற்றி வந்த மருத்துவக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் குவிந்து கிடந்தன. ஒரு நாள் இரவு தோழியின் அண்ணன் உட்கார்ந்து அதனைச் சுத்தம் செய்தார். அதிக இடம் பிடித்தவற்றை முதலில் அழித்தார். பெயரில்லாத மூன்று ஒலிக்கோப்புகள் அப்போதே போய்விட்டன. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவை அவருடைய கண்ணுக்கு வெறும் எண்களாகத்தானே தெரிந்தன! தாத்தா இவ்வாண்டு தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்து வந்த இரவில், அவர் குரலைக் கேட்கலாம் என்று தேடியபோதுதான் எல்லோருக்கும் செய்தி தெரிந்தது.

எஞ்சியது ஓர் அரைப் பக்கம். அறிவியல் ரஃப் நோட்டின் கடைசித் தாளில், தாத்தா பேசிக்கொண்டிருந்தபோதே தோழி பென்சிலால் கிறுக்கி வைத்தது. ‘வாடை – வடக்கு. கொண்டல் – கிழக்கு. கச்சான் – மேற்கு’ என்று தொடங்கிப் பன்னிரண்டு வரிகள். அவற்றில் ஒன்பதாவது வரி இது: ‘கொண்டல் திரும்பினால் மூன்றாம் நாள் பார்.’ எதைப் பார்ப்பது? வலையையா, வானத்தையா, நீரோட்டத்தையா? அதுதான் ஒலிப்பதிவில் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவள் அத்தோடு நிறுத்திவிட்டாள்.

இரண்டு மணி நேரம் மறைந்து போக, பன்னிரண்டு வரிகள் மட்டும் நின்றன. இஃது ஏன் என்று யோசிக்கப் போய்த்தான் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு நோட்டுப் போட ஆரம்பித்தோம். அதைப் பற்றி ஆண்டு மலரில் எழுதும்படி எங்கள் தமிழாசிரியை பணித்தார்கள். ஆகவே தோழியரே, எங்கள் அனுபவத்தையும், அதற்காக நாங்கள் தேடிப் படித்தவற்றையும் உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலில் ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். குழியாடியின் முன் பொருளை வைக்கும் ஆறு நிலைகளையும் அறிவியல் ஆசிரியை சென்ற ஆண்டு கரும்பலகையில் வரைந்தபோது, எங்கள் மூவர் வீட்டுக் கைப்பேசிகளுக்கும் அதன் படம் வந்து சேர்ந்தது. அந்த ஒரு படத்தை ஒவ்வொருவரும் தேடி எடுக்க வேண்டும் என்பது போட்டி. ஒருத்திக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. இன்னொருத்தி கண்டுபிடித்தாள்; ஆனால் படத்தின் நடுவில் முன்பெஞ்சு மாணவி ஒருத்தியின் இரட்டைச் சடை மறைத்துக்கொண்டிருந்தது. மூன்றாமவளுக்கு அது அகப்படவேயில்லை. அதற்குப் பதிலாகப் புனித அந்தோணியார் படம் ஒன்றே நான்கு தடவை கிடைத்தது. காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் அல்லவா அவர்! அன்று எங்களுக்கு அவர் தம்மைத்தாமே நான்கு முறை காட்டிக் கொடுத்தார்.

இவ்வளவு ஏன் குவிகிறது? சேர்ப்பதற்குச் செலவே இல்லாததால்தான். ஒரு படம் 3 எம்.பி. இடம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 1,000 படங்களுக்கு 3 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. உள்ள கருவியில் அது ஒரு மூலை. எனவே விரல் பட்டதெல்லாம் உள்ளே போகிறது. எங்கள் பெற்றோர் காலத்துப் புகைப்படச் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். மாமா திருமணத்தில் முப்பத்தாறையும் எடுத்து முடித்த பிறகு விருந்துக்கு வந்து சேர்ந்த பெரியப்பா, இன்றைக்கும் ஆல்பத்தில் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். குறைதான், ஆனால் அந்த முப்பத்தாறும் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தோழியின் தந்தை இன்னொன்று சொன்னார். பழைய டேப் ரிக்கார்டர் கேசட்டின் மேல்புறத்தில் இரண்டு சின்னத் தகடுகள் பிளாஸ்டிக்கில் இருக்குமாம். போற்றி வைக்க வேண்டிய பதிவு என்றால் அந்தத் தகட்டைப் பேனா முனையால் நெம்பி உடைத்துவிடுவார்களாம். அதன்பின் தெரியாமல் கூட யாரும் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. கேசட்டின் முகத்தில் பெயர் எழுதவும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். “அந்தக் காலத்தில் பதிந்திருந்தால் ‘அப்பா குரல்’ என்று எழுதி, தகட்டையும் உடைத்துப் பீரோவில் வைத்திருப்பேன்” என்று அவர் கூறியபோது எங்களுக்குப் பதில் பேச வாய் எழவில்லை. கைப்பேசியிலும் கோப்புக்குப் பெயர் வைக்கலாம், வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்தும் வைக்கலாம். நாங்கள் செய்யவில்லை, அவ்வளவுதான்.

படம் பிடித்துவிட்டால் மனம் ஓய்வெடுக்கப் போய்விடுகிறது என்பதை ஓர் ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியை லிண்டா ஹெங்கெல், மாணவர்களை ஒரு கலைக்கூடத்திற்கு அழைத்துச் சென்று சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்களே அவர்கள் நினைவில் அதிகம் நின்றன. அதே ஆராய்ச்சியில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகக் குறிவைத்துப் படம் எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. 2014இல் வெளியான இந்த முடிவுகளில் இரண்டாவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பகுதி வேண்டும் என்று ஒரு கணம் நின்று தேர்ந்தெடுப்பவருக்குக் காமிராவும் கேடு செய்வதில்லை. தோழி தாத்தாவின் பேச்சில் பன்னிரண்டு வரிகளை மட்டும் தேர்ந்தாளே, அதைப் போல.

சரி, நோட்டுப் போடுவோம் என்று தீர்மானித்தாயிற்று. ஆனால் எப்படி எழுதுவது? எங்களில் ஒருத்தி ஏற்கெனவே இரண்டு நோட்டுகளைத் தொடங்கிக் கைவிட்டவள். முதல் நோட்டில் பாடவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இருபது பக்கம் ஒதுக்கினாள். தமிழுக்கு ஒதுக்கிய பக்கங்கள் ஒரு மாதத்தில் தீர்ந்துபோயின. கணிதத்திற்கு ஒதுக்கியவை இன்றளவும் வெள்ளையாகவே இருக்கின்றன. இரண்டாவது நோட்டில் நாள்வாரியாக எழுதினாள். எழுதியது எல்லாம் இருந்தது, வேண்டியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. கைப்பேசியின் கதைதான், தாளில்!

இந்தச் சிக்கலை எங்கள் நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் அருட்சகோதரியிடம் சொன்னோம். அவர்கள் சிரித்துவிட்டு, இது முந்நூறு ஆண்டுப் பழைய தலைவலி என்றும், ஜான் லாக் என்பவர் இதற்கு மருந்து கண்டிருக்கிறார் என்றும் கூறி, அவர் முறையை எங்களுக்கு விளக்கினார்கள்.

ஜான் லாக் 1632 முதல் 1704 வரை வாழ்ந்த ஆங்கிலேயத் தத்துவ அறிஞர். அந்நாளில் படித்தவர்கள், தாம் வாசித்ததிலும் கேட்டதிலும் பிடித்தவற்றை ஒரு நோட்டில் பெயர்த்து எழுதி வைப்பது வழக்கம். லாக்கும் அப்படி எழுதி வந்தார். எழுதியதைத் திரும்ப எடுக்க அவர் கையாண்ட முறை 1686இல் பிரெஞ்சு மொழியில் ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. அவர் மறைந்த பின் 1706இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. முறை மிகவும் எளிது. நோட்டின் முதல் இரண்டு பக்கங்களில் கட்டம் போட வேண்டும். 20 எழுத்துகள், ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து உயிரெழுத்துகள், ஆக 100 சிறு கட்டங்கள். எதைப் பற்றி எழுதப் போகிறோமோ அதற்கு ஒரு தலைச்சொல் வைத்து, அச்சொல்லின் முதல் எழுத்தையும், அதில் வரும் முதல் உயிரையும் பார்த்து, அதற்குரிய கட்டத்தில் பக்க எண்ணைக் குறிக்க வேண்டும். செய்தியை அடுத்த வெற்றுப் பக்கத்தில் எழுதினால் போதும். முன்கூட்டியே பக்கம் ஒதுக்க வேண்டியதில்லை. எந்தப் பொருள் வளர்கிறதோ அதற்குப் பக்கங்கள் தாமே கூடும். எது வளரவில்லையோ அதற்குத் தாள் வீணாகாது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே எங்களில் ஒருத்தி, “சிஸ்டர், இது நம் உயிர்மெய்தானே!” என்று கத்திவிட்டாள். (நூலகத்தில் கத்தியதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.) உண்மைதான். ஆங்கிலத்தில் சொல்லின் உள்ளே புகுந்து உயிரைத் தேட வேண்டும். தமிழிலோ மெய்யும் உயிரும் முதல் எழுத்திலேயே சேர்ந்து நிற்கின்றன. ‘காற்று’ என்றால் ககர வரிசை, ஆகாரக் கட்டம். அவ்வளவே.

இலக்கண வகுப்பில் உறங்கி வழிந்துகொண்டு படித்த நன்னூல் இங்கே கைகொடுத்தது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 என்கிறார் நன்னூலார். உயிர் பன்னிரண்டும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்து வரிசைகளும் அவை. இவற்றில் ஙகரத்தில் தொடங்கும் சொல் எங்களுக்கு ஒன்றும் தேவைப்படாது என்று விட்டுவிட்டோம். உயிருக்கு ஒரு வரிசை, மற்ற ஒன்பது மெய்களுக்கு ஒன்பது வரிசை. குறுக்கே பன்னிரண்டு உயிர்கள். ஆக 120 கட்டங்கள். லாக்கைவிட இருபது அதிகம்! பிறகுதான் ஒரு சங்கடம் வந்தது. ‘டார்வின்’ என்று எழுதினோம். டகரம் மொழிக்கு முதலில் வராதே! ராக்கெட்டுக்கும் லாக்குக்கும் அதே கதி. அடியில் ‘விருந்தினர்’ என்று ஒரு தனி வரிசை போட்டு அவர்களை உட்கார வைத்தோம். ஔகாரக் கட்டங்களில் இதுவரை குடியேறியவர் ஔவையார் ஒருவரே.

வசதியுள்ள தோழியர் நீளமான கணக்கு நோட்டு வாங்கலாம். நாங்கள் சென்ற ஆண்டு நோட்டுகளில் மீந்த வெள்ளைத் தாள்களைப் பிரித்துத் தைத்து, பிரவுன் தாளில் அட்டை போட்டுக்கொண்டோம். தாள்களுக்கு முதலிலேயே எண் போட்டுவிட வேண்டும். இதை மறந்து, நாற்பது பக்கம் எழுதிய பிறகு எண் போட உட்கார்ந்தவர் யார் என்று சொல்ல மாட்டோம்.

எழுதுவது எப்படி என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. புத்தகத்தில் உள்ளதை அப்படியே பெயர்த்து எழுத வேண்டும் என்றாள் ஒருத்தி. கடைசியில், நம் சொந்த வார்த்தையில் எழுதுவது, முடியாவிட்டால் மட்டும் பெயர்த்து எழுதுவது என்று உடன்பட்டோம். பெயர்த்து எழுதும்போது கை ஓடுகிறது, மனம் வேறெங்கோ சுற்றுகிறது. சொந்தச் சொல்லில் எழுத உட்கார்ந்தால்தான் நமக்குப் புரியாத இடம் முள்ளாகக் குத்துகிறது. அதோடு, தேதியையும், யார் சொன்னது அல்லது எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்பதையும் குறிக்க வேண்டும். இது தொல்லையாகத் தோன்றும். தொல்லையாகத் தோன்றியவர்களுக்குக் கணித மேதை இராமானுஜன் கதையைச் சொல்கிறோம்.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், நம் வயதில், அஃதாவது 1903ஆம் ஆண்டு வாக்கில், கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்றைப் பெற்றார். அதன்பின் அவர் மனத்தில் தேற்றங்கள் ஊற்றெடுத்தன. தாள் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள், வீட்டிலோ வறுமை. எனவே கற்பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, கிடைத்த முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகளோடுதான் 1914இல் கப்பலேறினார். 1920இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். 1957இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அந்நோட்டுகளை அவர் கையெழுத்திலேயே படியெடுத்து வெளியிட்டது. அவர் இறுதி ஆண்டில் எழுதிய தாள்களை 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார்.

கற்பலகை ஒன்று, நோட்டு ஒன்று என்று அவர் இரண்டு இடங்கள் வைத்திருந்ததைக் கவனியுங்கள். பலகை, அழிவதற்கென்றே உள்ள இடம். நோட்டு, நிற்பதற்கென்றே உள்ள இடம். நம் கைப்பேசி இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருப்பதால்தான் அழிக்க வேண்டியது நிற்கிறது, நிற்க வேண்டியது அழிகிறது. ஆனால் அந்த மேதையின் நோட்டில் ஒரு குறையும் உண்டு. முடிவுகள் இருந்தன, அவற்றை அடைந்த வழி பெரும்பாலும் இல்லை. வழி கற்பலகையோடு போய்விட்டது. புரூஸ் பெர்ண்ட் என்னும் பேராசிரியர் 1977இல் தொடங்கி, பிறருடைய துணையோடு ஒவ்வொரு முடிவாக நிறுவி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு! இராமானுஜனுக்காக உலகம் இருபது ஆண்டுகள் உழைக்கும். நம் கிறுக்கலுக்கு யார் உழைப்பார்கள்? ‘கொண்டல் திரும்பினால் மூன்றாம் நாள் பார்’ என்பதும் வழி இல்லாத முடிவுதானே. தோழி இதைப் படித்த அன்று வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

இனி, தலைப்புக்கு வருவோம். எங்களிடம் உள்ள எல்லா நோட்டுகளிலும் சிவப்பு மை உண்டு. அது வேண்டியதுதான், திருத்தாவிட்டால் நாங்கள் தேற மாட்டோம். ஆனால் சிவப்பு மை வரப்போகிறது என்று தெரிந்தால் பேனா தானாகவே ஒழுங்காக நடக்கத் தொடங்கிவிடுகிறது. அரைகுறை எண்ணத்தை எழுதக் கூசுகிறது. கைப்பேசியிலோ நிலைமை வேறு விதம். ஒரு நல்ல எண்ணம் தோன்றியவுடன் நான்கு பேருக்கு அனுப்புகிறோம். ஒருத்தி கைதட்டும் பொம்மை போடுகிறாள், ஒருத்தி ஒன்றுமே போடவில்லை. போடாதவளை நினைத்துக்கொண்டே மாலைப் பொழுது போகிறது. எண்ணம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. யாரும் திருத்தாத, யாரும் கைதட்டாத ஓரிடம் வேண்டும் என்று தோன்றியது அதனால்தான். அங்கே ‘மேகத்துக்கு எடை உண்டா?’ என்று கேட்கலாம். ‘எட்டாம் வகுப்பில் நாம் அந்தப் பெண்ணை எல்லோருமாகச் சேர்ந்து ஏன் ஒதுக்கினோம்?’ என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வி எங்களில் ஒருத்தியின் நோட்டில் தலைப்போடு நிற்கிறது. பதில் இன்னும் எழுதப்படவில்லை.

பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. மகள் மறைத்து மறைத்து எழுதினால் தாயார் திகைப்பது இயல்பே. எங்களில் ஒருத்தியின் அம்மா, “எனக்குத் தெரியாமல் அப்படி என்னடி எழுத்து?” என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பாட்டி சமையலறையிலிருந்து, “உன் டைரியை யாராவது தொட்டிருக்கிறோமா?” என்று கேட்டார்களாம். அம்மாவிடமும் உறை கிழிந்த பழைய டைரி ஒன்று உண்டு. சமையல் குறிப்பு, சீட்டுக் கணக்கு, செபங்கள், இன்னும் என்னென்னவோ அதில் இருக்கின்றன; அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கும். அப்பா உட்பட யாரும் அதைத் திறப்பதில்லை. அதன்பின் வீட்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம்மை யாரேனும் துன்புறுத்தினால், மிரட்டினால், அதை நோட்டில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. அது நோட்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தியன்று. பெரியவர்களிடம் அன்றே சொல்ல வேண்டிய செய்தி.

தனி நோட்டில் தொடங்கியது உலகையே மாற்றியதும் உண்டு. பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவிட்டு 1836இல் நாடு திரும்பிய சார்லஸ் டார்வின், மறு ஆண்டு ஜூலையில், உயிரினங்கள் மாறுவதைப் பற்றி ஒரு சிறு நோட்டைத் தொடங்கினார். அஞ்சலட்டை அளவே உள்ள நோட்டு. அதன் 36ஆம் பக்கத்தில் ‘நான் நினைக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் இரண்டே சொற்களை எழுதி, அதன் கீழே கிளை விடும் ஒரு மரத்தைக் கோடுகளால் கிறுக்கினார். அவருடைய பெருநூல் வெளிவந்தது 1859இல். இடைப்பட்ட 22 ஆண்டுகள் அந்தக் கிறுக்கல் அவரிடம் வளர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தம் கொள்கைக்கு எதிரான செய்தி ஏதேனும் கண்ணில் பட்டால் அதை உடனே, தவறாமல் குறித்துவிடுவார். ஒத்துவரும் செய்திகளைவிட ஒவ்வாத செய்திகளே விரைவில் மறந்துபோகின்றன என்பது அவர் கண்ட அனுபவம். தன் வரலாற்றில் அவரே இதனைக் கூறியிருக்கிறார். நாங்களும் பார்த்தோம், சண்டை போட்ட தோழி நமக்குச் செய்த நன்மைகளைக் குறித்து வைக்க எவருக்குமே நினைவு வருவதில்லை.

அந்த நோட்டும், அதற்கு இணையான இன்னொரு நோட்டும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. 2001இல் பார்த்தால் அவற்றைக் காணோம்! எங்கேனும் இடம் மாறியிருக்கும் என்று பல ஆண்டுகள் தேடினார்கள். களவு போயிருக்க வேண்டும் என்று 2020இல் அறிவித்தார்கள். 2022 மார்ச் மாதத்தில், காமிராக் கண் படாத ஓரிடத்தில், இளஞ்சிவப்பு நிறப் பரிசுப் பை ஒன்றில் இரண்டு நோட்டுகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கூடவே, நூலகருக்கு இனிய ஈஸ்டர் வாழ்த்து! கொண்டுவந்து வைத்தவர் யாரென்பது அப்போது தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளும் அந்த மரக் கிறுக்கலை உலகத்தார் பார்க்க முடிந்தது எப்படி? காணாமற்போகுமுன் படம் எடுத்து வைத்திருந்ததால்தான். ஆகவே காமிராவை நாங்கள் பகைக்கவில்லை. மாதக் கடைசியில் எங்கள் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து, பெயரும் தேதியும் இட்டு, ஒரே ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறோம்.

நோட்டேதான் வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த சமூகவியல் பேராசிரியர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 சீட்டுகளை எழுதி, எண் போட்டு, மரப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் எங்கள் அக்கா ஒருவர் கைப்பேசியிலேயே, வேறு எவரும் பார்க்க முடியாத ஒரே ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, பேருந்தில் நின்றபடியே எழுதுகிறார். படத்தைச் சேர்ப்பதில்லை, பிறர் அனுப்பியதை ஒட்டுவதில்லை, தாம் தட்டெழுதியதை மட்டுமே வைப்பது என்று விதி. அவருக்கு அது நன்றாகவே உதவுகிறது. எங்களுக்குச் சொந்தமாகக் கைப்பேசி இல்லை. பொதுக் கருவியில் தனி இடம் ஏது?

அந்த அரைப் பக்கத்தை இப்போது எங்கள் தோழி தன் நோட்டின் 31ஆம் பக்கத்தில் மையால் பெயர்த்து எழுதியிருக்கிறாள். ரஃப் நோட்டின் தாளையும் கிழிக்காமல் மடித்து அட்டைக்குள் செருகியிருக்கிறாள். ஒன்பதாவது வரிக்குப் பொருள் கேட்டு, சென்ற மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மாலையில், அவளுடைய தந்தையாரோடு கடற்கரைக்குப் போனோம். தாத்தாவோடு தொழில் செய்த பெரியவர் ஒருவர், மூன்றாம் நாள் நீரோட்டம் மாறும், அதைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பார் என்றார். வலை பின்னிக்கொண்டிருந்த இன்னொருவர் அதை மறுத்து, “மழையைச் சொல்லியிருப்பாரு, தாயி” என்றார். இரண்டையும் இரண்டு பத்திகளாக, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதிக்கொண்டோம். மூன்றாவது பெரியவர் எங்கள் நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இப்படி உட்கார்ந்த இடத்தில் கேட்டால் சொல்ல வராது, கொண்டல் அடிக்கும்போது வாருங்கள், காற்றில் நின்றுகொண்டே சொல்கிறேன் என்றார். அதையும் எழுதி, ‘கொ’ கட்டத்தில் பக்க எண்ணைச் சேர்த்திருக்கிறோம்.